பரிசலைப் பேணுதல்

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு ஒருமுறையேனும் சென்றவர்கள் அங்கே மல்லிகையும் முல்லையும் நிறைந்த கூடைகளைக் கண்டிருப்பார்கள். மூங்கிலால் முடைந்த கூடையில் நீரை முகந்தால் அது நில்லாது. இடுக்குகள் வழியே ஒழுகிப் போய்விடும். பூக்கூடைக்கு அது குறையன்று, குணமே. காற்றுப் புகுந்து நீர் வடிந்தால்தான் பூ வாடாமல் இருக்கும். ஆனால், அதே கூடையை ஆறடி, எட்டடி அகலத்துக்குப் பெரிதாக முடைந்து, அதன் வெளிப்புறத்தை நீர் புகாதவாறு மூடிவிட்டால் என்ன ஆகும்? கூடை படகாகிவிடும். அந்தப் படகுக்கே பரிசல் என்று பெயர். அதனைச் செய்வதைக் காட்டிலும் செவ்வையாகப் பேணுவதே கடினம். அந்தப் பேணுதலைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

'வானம் பார்த்த நிலக்கோட்டைச் சீமைக்கும் படகுக்கும் என்ன உறவு?' என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். உறவு உண்டு. நிலக்கோட்டை வட்டத்தின் தென்புறத்தை ஒட்டித்தான் வைகை ஓடுகிறது. அணைப்பட்டிக்கு அருகே அவ்வாற்றின் குறுக்கே பேரணை நிற்கிறது. பெரியாற்றுப் பாசனத்தின் தலைமைக் கால்வாய் அங்கிருந்துதான் புறப்படுகிறது. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீர், 1895-ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்பு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு வைகைக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1959-ஆம் ஆண்டில், ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பெற்றது. 111 அடி உயரமுள்ள அவ்வணையில் 71 அடி ஆழத்துக்கு நீரைத் தேக்கலாம். அந்த நீர்ப்பரப்பில் வலை வீசும் மீனவர்கள் ஏறிச் செல்வது பரிசலில்தான்.

வைகையில் படகு ஓடியது இன்று நேற்றன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையை அடைந்தபோது, வைகைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் அமைந்த ஓடங்கள் இயங்கின என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆயினும் அம்மூவரும் ஏறிக் கடந்தது அந்த அழகிய ஓடங்களில் அன்று. எளிய மரப்புணை ஒன்றில்தான். அரசர்க்கும் செல்வர்க்கும் அணிசெய்த ஓடங்கள் இருக்க, எளிய மக்களை எளிய மிதவைகளே கரை சேர்த்தன. பரிசலும் அந்த எளிய குலத்தைச் சேர்ந்ததே.

பரிசலின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். அமைப்பை அறியாதவன் பழுதை அறிய மாட்டான். பரிசலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று எலும்புக்கூடு, மற்றொன்று தோல். முற்றிய மூங்கிலைப் பிளந்து எடுத்த பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னித் தட்டையான அடித்தளம் அமைக்கிறார்கள். பிறகு அந்தப் பிளாச்சுகளின் நுனிகளை மேல்நோக்கி வளைத்துச் சுவராக எழுப்புகிறார்கள். சுற்றிலும் மேல் விளிம்பில் வளையம் வைத்து இறுகக் கட்டுகிறார்கள். இவ்விளிம்பே பரிசலின் உருவைக் காப்பது. விளிம்பு தளர்ந்தால், வாய் அகன்ற கூடையைப் போலப் பரிசல் மெல்ல விரிந்துவிடும். இந்த எலும்புக்கூட்டின் வெளிப்புறத்தில்தான் நீர் புகாத தோல் போர்த்தப்படுகிறது.

தோல் என்று நான் சொன்னது முற்காலத்தில் உவமையன்று. உண்மையிலேயே மாட்டுத் தோல்தான். சுமார் 1520-ஆம் ஆண்டில் விசயநகரத்துக்கு வந்த தொமிங்கோ பயஸ் என்னும் போர்ச்சுக்கீசியப் பயணி, துங்கபத்திரை ஆற்றில் இத்தகைய ஓடங்களைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். கூடைபோல் வட்டமானவை, உள்ளே பிரம்பும் வெளியே தோலும் கொண்டவை, பதினைந்து இருபது பேரைச் சுமப்பவை, நேரே செல்லாமல் சுழன்று சுழன்று செல்பவை என்று அவர் அவற்றை வருணிக்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்பும் ஒகேனக்கல்லில் காவிரியின்மேல் சுழன்று செல்லும் பரிசலைக் காண்பவர், அவ்வருணனை எவ்வளவு பொருத்தமானது என்று வியப்பர். மாறியது ஒன்றே. தோல் இருந்த இடத்தில் இன்று நெகிழித் தாளோ, உரச்சாக்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்போ இருக்கிறது. அதன்மேல் தார் பூசப்பட்டிருக்கிறது.

இவ்வமைப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க வரலாற்றாசிரியரான எரோடோட்டசு பாபிலோன் நகரத்துக்கு ஆற்று வழியே சரக்கு ஏற்றிவந்த வட்டத் தோற்படகுகளைப் பற்றிக் கூறும் செய்தி சுவையானது. ஆற்றின் வேகத்தை எதிர்த்து அப்படகுகள் திரும்பிச் செல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையையும் ஏற்றி வருவார்களாம். சரக்கு விற்றதும் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டுத் தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். சட்டம் எங்கும் கிடைக்கும். நீரைத் தடுக்கும் தோலே அரிய பொருள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஈராக் நாட்டில் பின்னாளில் கூடைப்படகுகளுக்கு நிலத்தடியிலிருந்து ஊறும் கீலைப் பூசினார்கள். வேல்சு நாட்டு மக்கள் தோலை விட்டுத் தார் பூசிய கித்தானுக்கு மாறினார்கள். வியட்நாம் நாட்டு மீனவர்கள் மூங்கிற்கூடையின்மேல் மாட்டுச் சாணத்தை அப்பி, மரப்பிசினைப் பூசிக் கடலிலேயே அதனைச் செலுத்தினார்கள். சென்னை மாகாணத்து மீன்துறையின் தலைவராக இருந்த சேம்சு ஆர்னெல் என்பவர் இத்தகைய மிதவைகளை நாடுதோறும் ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இனி, பழுது ஏன் அஞ்சத்தக்கது என்பதைக் கணக்கால் காண்போம். கணக்கென்றதும் முகம் சுளிக்க வேண்டாம். உயிரோடு தொடர்புள்ள கணக்கு இது.

மிதக்கும் பொருள் தன் எடைக்கு ஈடான நீரை விலக்குகிறது என்ற ஆர்க்கிமிடீசின் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆறடி விட்டமுள்ள தட்டையான அடித்தளத்தின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அடி. இத்தகைய பரிசல் ஓர் அங்குலம் கூடுதலாக அமிழ்ந்தால், அது விலக்கும் நீரின் எடை ஏறத்தாழ 67 கிலோ. ஒரு மனிதரின் எடைதான் அது. ஆகவே ஆள் ஒருவர் ஏறினால் பரிசல் ஓர் அங்குலம் தாழும். அறுவர் ஏறினால் அரையடி தாழும். எவ்வளவு அழகான அளவுகோல்! ஆழமில்லாத நீரிலும் பாறைகளுக்கிடையிலும் பரிசல் தரை தட்டாமல் செல்வதன் காரணம் இந்தத் தட்டையான அகன்ற அடித்தளமே.

'அப்படியானால், சுவரின் உயரம் இரண்டு அடி இருக்கும்போது 24 பேரை ஏற்றலாமே?' என்று ஒரு மாணவர் கேட்கலாம். கணக்கு சரிதான்; முடிவு தவறு. 24 அங்குலமும் அமிழ்ந்துவிட்டால் விளிம்பும் நீர்மட்டமும் ஒன்றாகிவிடும். யாரேனும் ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். ஒரு சிற்றலை எழுந்தால் போதும். நீர் உள்ளே பாய்ந்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே விளிம்பு எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவே ஏறியவர்களின் காப்பு. அந்த இடைவெளியைச் சுமையும் குறைக்கும்; ஒழுகலும் குறைக்கும். சுமையை நாம் கண்ணால் காண்கிறோம். ஒழுகலைப் பெரும்பாலும் காண்பதில்லை. அதனால்தான் ஒழுகல் அதிகக் கேடானது.

ஒழுகல் எவ்வளவு விரைவாக வளரும்? நீர்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்ட ஓட்டை இருப்பதாகக் கொள்வோம். சாதாரண எழுதுகோல் ஒன்று நுழையும் அளவுதான். அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் நீர் புகும். அரைக்கால் மணி நேரத்தில் ஒரு குடம் நிறைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் 100 லிட்டர் சேர்ந்துவிடும். ஓட்டை இருமடங்கு அகன்றால் புகும் நீர் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏனெனில் வட்டத்தின் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 'சிறு ஓட்டைதானே, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவன், மறுநாள் கல்லில் உராய்ந்து அது சிறிது அகன்றதும் நான்கு மடங்கு இடருக்கு ஆளாகிறான்.

உள்ளே சேர்ந்த நீர் வெறும் சுமையுமன்று. நூறு கிலோ நெல் மூட்டையை நடுவில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். நூறு லிட்டர் நீர் அப்படி இராது. பரிசல் எந்தப் பக்கம் சிறிது சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே முழுவதும் ஓடிச் சேரும். சாய்வை மேலும் மிகுவிக்கும். ஆட்கள் ஒன்றரைப் பேர் திடீரென ஒரே விளிம்புக்கு ஓடினால் எப்படியோ, அப்படி. அமிழ்வதற்கு நெடுநேரம் முன்பே பரிசல் கவிழ்ந்துபோவது இதனால்தான்.

இவ்வளவு இடரையும் தடுப்பது எது? விரற்கடையினும் மெல்லிய ஒரு தார்ப்பூச்சு. அதனைக் காப்பது யார்? தொழிற்சாலையன்று, பொறியியல் வல்லுநரன்று. பரிசலை ஓட்டுபவரேதான். தாமே பார்த்து, தாமே செப்பனிட்டு, தாமே ஏறிச் செல்ல வேண்டும். தம் வேலையின் தரத்துக்குத் தம் உயிரையே பிணையாக வைக்கும் தொழில்களுள் இதுவும் ஒன்று.

பேணுதலில் முதற்பாடம் உலர்த்துதல். வேலை முடிந்ததும் பரிசலை நீரிலேயே மிதக்க விடாமல் கரையேற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். சிறு பரிசலை ஒருவரே முதுகின்மேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம். அதன் எடைக்குறைவே அதன் நல்வாய்ப்பு. கவிழ்க்கும்போது வெறுந்தரையில் வைத்தலாகாது. தரையின் ஈரம் மூங்கிலில் பூஞ்சையை வளர்க்கும், கறையானும் ஏறும். மூன்று நான்கு கற்களின்மேல் விளிம்பு தங்குமாறு வைத்தால் காற்று அடியில் புகுந்து உலர்த்தும். ஆயினும் கோடை வெயிலில் நாட்கணக்காகப் போட்டுவைப்பதும் தவறு. கடும் வெயிலில் தார் இளகி வழியும். நாளடைவில் இறுகி வெடிக்கும். ஆகவே மரநிழலே பரிசலுக்கு ஏற்ற கொட்டகை.

மூங்கிலுக்கு மற்றொரு பகை உளு. மூங்கிலில் உள்ள மாப்பொருளை உண்பதற்காகவே சிறுவண்டுகள் அதனைத் துளைக்கின்றன. பிளாச்சுகளுக்கடியில் மாவுபோல் தூள் கொட்டிக் கிடந்தால் உளு விழுந்துவிட்டது என்று அறியலாம். இதற்கு மருந்து பின்னர்த் தேடுவதைவிட, முதலிலேயே முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு, மாப்பொருளைக் கரையவிட்டு, பின்பு நிழலில் உலர்த்தி எடுப்பதே மேல். ஆற்றங்கரை மக்கள் வழிவழியாகச் செய்துவந்த இம்முறையின் காரணத்தை இன்றைய அறிவியலும் ஒப்புக்கொள்கிறது.

இரண்டாம் பாடம் சோதித்தல். விடியற்காலையில் வலையை எடுக்கப் புறப்படுமுன் பரிசலைச் சுற்றிவந்து பார்ப்பது நல்ல மீனவரின் வழக்கம். பரிசலை வெயிலுக்கு எதிரே தூக்கி நிறுத்தி உட்புறமிருந்து பார்த்தால், தாரும் தோலும் தேய்ந்த இடங்களில் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒளி நுழையும் இடத்தில் நீரும் நுழையும். பிறகு உள்ளங்கையால் வெளிப்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கண் தவறவிட்ட வெடிப்பைக் கை கண்டுபிடிக்கும். பெரும்பாலும் பழுது விழும் இடம் அடித்தளமும் சுவரும் சேரும் வளைவே. கரையில் இழுக்கும்போது உராய்வதும் அங்கேதான்; பாறையில் மோதுவதும் அங்கேதான்.

மூன்றாம் பாடம் ஒட்டுப்போடுதல். இதற்கு வேண்டும் கருவிகள் சிலவே: கூரிய கத்தி, கோணியூசி, உறுதியான நூல், கெட்டித் துணியோ சாக்குத் துண்டோ, தார், அதனைக் காய்ச்ச ஒரு தகரப் பாத்திரம், பூசுவதற்குத் துணி சுற்றிய கோல். கிழிந்த இடத்தைச் சுற்றிலும் மண்ணும் பாசியும் போகத் துடைக்க வேண்டும். உதிரும் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். பின்பு நன்றாக உலரவிட வேண்டும். அவசரக்காரர் தோற்பது இவ்விடத்தில்தான். ஈரத்தின்மேல் தார் பற்றாது. இன்று ஒட்டியதுபோல் தோன்றி, நாளை நடு ஆற்றில் உரிந்துவரும். கிழிசல் நீண்டதாயின் முதலில் அதன் இரு விளிம்புகளையும் நூலால் இழுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டுத் துணி கிழிசலைவிட எல்லாப் பக்கமும் நாலு விரற்கடையேனும் அகன்றிருக்க வேண்டும். அதன் மூலைகள் வட்டமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். கூர்மையான மூலையே முதலில் உரிந்து எழும்பும். ஒட்டை உட்புறம் இடுவதா, வெளிப்புறம் இடுவதா? வெளிப்புறமே. அரையடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடிப் பரப்பின்மேலும் ஏறத்தாழ 14 கிலோ எடையளவுக்கு நீர் அழுத்துகிறது. வெளியே இட்ட ஒட்டை அந்த அழுத்தம் பரிசலோடு சேர்த்து இறுக்குகிறது. உள்ளே இட்ட ஒட்டை அதே அழுத்தம் பெயர்த்துத் தள்ளுகிறது. பகையாகிய நீரையே துணையாக்கிக்கொள்ளும் வழி இது.

தாரை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசுவதைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுவது நன்று. தடித்த பூச்சு குளிர்ந்ததும் வெடிக்கும். பரிசல் வளையும்போது மெல்லிய பூச்சும் உடன் வளையும். துணியின் அடியில் ஒருமுறை, துணியை அழுத்திப் பதித்தபின் அதன்மேல் ஒருமுறை, ஆறியபின் விளிம்புகளைச் சேர்த்து மற்றொருமுறை என்று பூசலாம்.

தார் காய்ச்சுதலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல் முதலியவற்றை வடித்தெடுத்தபின் எஞ்சி நிற்கும் பொருளே இன்று நாம் பயன்படுத்தும் தார். அது தீப்பற்றக் கூடியது. இளந்தீயில், பாத்திரத்தின் பாதியளவுக்கு மேற்படாமல் இட்டு, மெல்ல இளக்க வேண்டும். ஈரமான கோலையோ நீர்த்துளியையோ கொதிக்கும் தாரில் படவிடலாகாது. நீர் கணத்தில் ஆவியாகித் தாரை மேலே வீசி எறியும். தார் தீப்பற்றினால் நீரை ஊற்றாமல், மூடியால் மூடிக் காற்றைத் தடுத்து அணைக்க வேண்டும். உடம்பில் தார் பட்டுவிட்டால் அதனைப் பிய்த்தெடுக்க முயலாமல், குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றி ஆற்றிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாணவர்கள் இவ்வேலையைத் தனியே செய்யத் துணிதலாகாது. கைதேர்ந்தவர் அருகிலிருந்து பார்த்துக் கற்பதே முறை.

நான்காம் பாடம் எலும்புக்கூட்டைச் செப்பனிடுதல். கை எலும்பு முறிந்தால் மருத்துவர் எலும்பை வெளியே எடுத்துவிடுவதில்லை. மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுகிறார். பரிசலுக்கும் அதே வைத்தியம். ஒடிந்த பிளாச்சை உருவி எடுத்தால் பின்னல் முழுவதும் தளரும். ஆகவே அதனை அங்கேயே விட்டு, அதன்மேல் புதிய பிளாச்சு ஒன்றைச் செருகி, முறிவுக்கு இருபுறமும் இரண்டு மூன்று குறுக்குப் பிளாச்சுகளைத் தாண்டிச் செல்லுமாறு பின்னிக் கட்ட வேண்டும். புதிய பிளாச்சின் கூரிய ஓரங்களைச் சீவி வழவழப்பாக்குதல் மிக இன்றியமையாதது. இல்லையேல், எலும்புக்குச் செய்த வைத்தியமே தோலைக் கிழித்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் ஆளை ஏற்றுமுன் பரிசலைத் தேர்வுக்கு உட்படுத்த வேண்டும். முழங்காலளவு நீரில் அதனை மிதக்கவிட்டு, ஏறப்போகும் ஆட்களின் எடைக்கு ஈடாகக் கற்களையோ மணல் மூட்டைகளையோ மெல்ல இறக்கி வைத்து, சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒட்டிய இடம் உலர்ந்தே இருந்தால் தேர்ச்சி. நனைந்தால் மீண்டும் முதற்பாடம். வெறும் பரிசலை மிதக்கவிட்டுப் பார்த்து நிறைவுறுவது சோதனையன்று. சுமை ஏறி ஆழம் மிகும்போதுதான் அழுத்தமும் மிகும். மறைந்த ஓட்டை அப்போதுதான் வாய் திறக்கும்.

நடுநீரில் திடீரென ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? ஏறியவர்கள் எழுந்து நிற்கலாகாது. பரபரத்து ஒரு பக்கம் சேரலாகாது. மடித்த துணியை ஓட்டையின்மேல் வைத்து ஒருவர் காலால் மெல்ல அழுத்திக்கொள்ள, மற்றொருவர் தகரக் குவளையால் நீரை இறைக்க, ஓட்டுபவர் அண்மைக் கரையை நோக்கிச் செலுத்த வேண்டும். துணியை ஓட்டைக்குள் திணித்தால் அது மேலும் அகலும். இறைப்பதற்கு ஒரு குவளை இல்லாமல் பரிசல் எடுப்பது விளக்கில்லாமல் இருட்டில் நடப்பதை ஒக்கும்.

கடற்கரையில் வாழும் மீனவர்களும் இவ்வாறே தத்தம் கலத்துக்கு ஏற்ற முறைகளைக் கண்டிருக்கிறார்கள். கட்டுமரத்தில் நீர் தங்க இடமே இல்லை. மரங்களின் இடையே புகுந்த நீர் அவ்வழியே போய்விடும். ஆனால் மரமே நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவார்கள். சென்னைத் துறைமுகம் உருவாவதற்கு முன் கப்பற்பயணிகளை அலைகடந்து கரை சேர்த்த மசூலாப் படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை அறைந்தபோது அது வளைந்து கொடுத்தது, முறியவில்லை. மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்துக் கீல் பூசி அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்றே ஒரு பெயர் உண்டு. இன்று கண்ணாடியிழைப் படகுகளும் கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்துவிட்டன. அவற்றில் வெடிப்பு விழுந்தால் ஓரங்களைச் சரிவாக இழைத்து, உலர்த்தி, கண்ணாடியிழை விரிப்பைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். பொருள்கள் மாறின. துடைத்தல், உலர்த்துதல், அகலமாக ஒட்டுதல், சோதித்தல் என்னும் நான்கும் மாறவில்லை.

எதனையும் ஒட்டுப்போட்டே காலம் கடத்தலாம் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். விளிம்பு பல இடங்களில் ஒடிந்த பரிசலும், அடித்தளம் உளுத்துப்போன பரிசலும் பழுதுபார்க்கத் தக்கவை அல்ல. ஒட்டின்மேல் ஒட்டாகத் தார் சேர்ந்து கனத்துப்போன தோலை உரித்து எறிந்துவிட்டுப் புதிய தோல் போர்த்த வேண்டும். எதனைச் செப்பனிடலாம், எதனைக் கைவிட வேண்டும் என்று பகுத்தறிவதும் பேணுதலின் ஒரு பகுதியே. எவ்வளவு நன்றாகப் பேணிய பரிசலும் வெள்ளத்துக்கு ஈடுகொடுக்காது. காவிரியில் நீர்வரத்து மிகும்போது ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கிறார்கள். வைகை அணையிலிருந்து மிகுதியாக நீர் திறக்கும்போது கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மதிப்பதும், உயிர்காப்புச் சட்டை அணியாமல் பரிசலில் ஏறாதிருப்பதும், நீந்தத் தெரியாத சமவெளிப் பிள்ளைகளுக்கு மிக மிக இன்றியமையாதவை.

இவற்றையெல்லாம் நீங்கள் நேரில் உணர ஆற்றுக்குப் போகவேண்டுவதில்லை. ஓரடி விட்டமுள்ள, செங்குத்தான சுவருடைய சிறு கூடை ஒன்றை எடுத்து, அதன் வெளிப்புறத்தை நெகிழித் தாளால் மூடிக் கட்டித் தொட்டி நீரில் மிதக்கவிடுங்கள். படிக்கற்களை ஒவ்வொன்றாக வையுங்கள். ஓர் அங்குலம் தாழ்வதற்கு ஏறத்தாழ 1.85 கிலோ வேண்டியிருக்கும். விட்டத்தை ஆறு மடங்காக்கினால் இவ்வெடை 36 மடங்காகும். முன்னே சொன்ன 67 கிலோவின் கணக்கு அப்போது விளங்கும். பிறகு தாளில் ஓர் ஊசித்துளை இட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் எதுவும் நேராதது போலவே தோன்றும். அந்தத் தோற்றமே எல்லா விபத்துக்கும் தொடக்கம் என்பதைக் கூடை உங்களுக்குக் கற்பிக்கும்.

ஆறுகளின்மேல் பாலங்கள் எழுந்தபின் பரிசல் துறைகள் பல மறைந்துவிட்டன. நீர்த்தேக்கங்களின் மீனவர்களும் சில சுற்றுலாத் தலங்களின் ஓட்டிகளுமே இன்று இக்கலையைக் காத்து நிற்கிறார்கள். அடுத்தமுறை வைகை அணைக்கோ ஒகேனக்கல்லுக்கோ செல்லும்போது, பரிசலில் ஏறிச் சுற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். கரையில் கவிழ்த்து வைத்த பரிசலின் அருகே சற்று நில்லுங்கள். அதில் எத்தனை ஒட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டுகள் பல இருப்பது இழிவன்று. ஒவ்வோர் ஒட்டும், ஒரு பழுதை ஒருவர் உரிய காலத்தில் கண்டுகொண்டார் என்பதற்குச் சான்று. அந்தக் கையை நம்பித்தான் நாம் ஆற்றில் இறங்குகிறோம்.